பசுவுக்குச் சோறு போடலாமா?

தை மாதத்தில் பழனிக்குச் செல்லும் சாலைகளைப் பார்த்திருக்கிறீர்களா? திண்டுக்கல் பக்கமிருந்தும் உடுமலைப்பேட்டை பக்கமிருந்தும் தாராபுரம் பக்கமிருந்தும் பச்சையும் காவியும் உடுத்த பக்தர்கள் காவடி சுமந்து நடந்து வருவார்கள். வழி நெடுகிலும் அன்னதானப் பந்தல்கள். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம் என்று அண்டா அண்டாவாக ஆக்கி இறக்குவார்கள். கூட்டம் கடந்து போன பிறகு அடியில் மீந்த சோறு என்ன ஆகும்? "வீணாய்ப் போவானேன், வாயில்லா ஜீவனாவது சாப்பிடட்டும்" என்று யாராவது ஒருவர் வாளியில் அள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் கட்டியிருக்கும் பசுவின் முன்னே வைப்பார். பசுவும் ஆவலோடு தின்னும். வைத்தவருக்குப் புண்ணியம் செய்த மனநிறைவு.

மறுநாள் காலையில் அந்தப் பசு எழுந்து நிற்காமல் போகலாம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பொங்கல் பண்டிகையை ஒட்டிய நாட்களில் நம் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் எச்சரிக்கைதான் இது. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டும் பொங்கல், கல்யாண வீட்டில் மீந்த சாதமும் பாயசமும், கோயில் வாசலில் சீப்புச் சீப்பாகக் கொடுக்கும் வாழைப்பழம் ஆகிய மூன்றுமே அளவு மீறினால் ஒரே வகையான ஆபத்தைத்தான் உண்டாக்குகின்றன. வீட்டில் ஒரே ஒரு கறவைப் பசுவை வைத்துக்கொண்டு, சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பசு போனால் வருமானமே போயிற்று. ஆகையால் இது பக்தியைப் பற்றிய பேச்சு அன்று. வேதியியலைப் பற்றிய பேச்சு. மாட்டுக்குத் தீனி வைப்பவர்களில் பெரும்பாலோர், யாருக்குத் தீனி வைக்கிறோம் என்பதையே அறியாமல் வைக்கிறார்கள் என்பது என் கருத்து.

"யாருக்கு என்ன, மாட்டுக்குத்தான்!" என்று நீங்கள் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள்.

பசுவின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றுள் முதலாவது அறைதான் மிகப் பெரியது. அதை ரூமன் என்பார்கள். நாம் முதல் வயிறு என்றே சொல்லுவோம். வளர்ந்த பசுவில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். உள்ளே காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, இரவும் பகலும் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் வெப்பம். அங்குள்ள சாற்றில் ஒரே ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் அதில் 1,000 கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கும். அவை போதாதென்று லட்சக்கணக்கான புரோட்டோசோவாக்களும், சில வகைப் பூஞ்சைகளும் அங்கே குடியிருக்கின்றன. மாடு விழுங்கும் வைக்கோலும் புல்லும் முதலில் போய்ச் சேருவது இந்தக் கூட்டத்திடம்தான்.

வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் அரிசியிலுள்ள மாவுப் பொருளும் ஒரே சரக்கால் ஆனவை. இரண்டுமே குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலிகள். ஆனால் கோத்திருக்கும் விதம் வேறு. அரிசிச் சங்கிலியை அறுக்கும் நொதி நம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. வைக்கோல் சங்கிலியை அறுக்கும் நொதி நமக்கும் இல்லை, பசுவுக்கும் இல்லை! அது முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது. அவை செல்லுலோஸை அறுத்துத் தின்று, கழிவாக அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் மூன்று அமிலங்களை வெளியிடுகின்றன. முதலாவது, கடையில் வாங்கும் வினிகரில் இருப்பதேதான். இந்தக் கழிவு அமிலங்களை முதல் வயிற்றின் சுவர் உறிஞ்சிக்கொள்ளுகிறது. பசுவுக்குத் தேவையான ஆற்றலில் 100க்கு 70 பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடித்துச் செல்லப்பட்டு நான்காவது வயிற்றுக்கும் குடலுக்கும் போய்ச் செரிமானமாகிப் பசுவுக்குப் புரதமாகின்றன. குத்தகைக்காரர்களிடம் வாரம் வாங்கிக்கொண்டு, கடைசியில் குத்தகைக்காரர்களையே விழுங்கிவிடும் பண்ணையார் போலப் பசு நடந்துகொள்ளுகிறது எனலாம்!

இத்தனை அமிலம் சுரந்தும் வயிறு ஏன் புளித்துப் போவதில்லை? உமிழ்நீர்தான் காரணம். பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. சமையல் சோடாவிலுள்ள பைகார்பனேட்டு அதில் நிறைந்திருக்கிறது. அது அமிலத்தை முறித்துவிடுகிறது. இவ்வளவு உமிழ்நீர் ஊற வேண்டுமானால் மாடு நாளொன்றுக்கு 7, 8 மணி நேரம் அசைபோட வேண்டும். அசைபோட வேண்டுமானால் வயிற்றில் நீளமான, கரடுமுரடான நார் இருக்க வேண்டும். வைக்கோலுக்குச் சத்தில்லை என்று இகழ்கிறவர்கள் இந்த ஒரு வேலையை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு வாளிச் சோற்றை உள்ளே கொட்டிப் பாருங்கள். வெந்த சோற்றில் மாவுப் பொருள் இளகி நிற்கிறது. அதை அசைபோட வேண்டிய தேவையே இல்லை; ஆகவே உமிழ்நீர் குறைகிறது. மாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல மடங்காகப் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் அமிலம் இது. முன்சொன்ன மூன்று அமிலங்களைவிட இது கடுமையானது. பி.எச். அளவு வழக்கமான 6, 7 என்ற நிலையிலிருந்து 5-க்கும் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகின்றன. புளிப்பைத் தாங்கும் வேறு இனங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் அமிலம் செய்கின்றன. வயிற்றுச் சாறு அடர்த்தியாகிவிடுவதால் இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாட்டின் கண்கள் உள்வாங்குகின்றன; வயிறு தண்ணீர்ப் பானையாகத் தளும்புகிறது; அசைபோடுவது நின்றுபோகிறது; புளித்த நாற்றத்துடன் கழிச்சல் காணுகிறது. அமிலம் இரத்தத்திலும் ஏறிவிட்டால் மாடு படுத்துவிடும். அந்த நிலையில் கைவைத்தியம் உதவாது. மருத்துவர் வந்து சிரை வழியே மருந்து ஏற்ற வேண்டும். சில சமயம் விலாவைக் கீறி, வயிற்றிலிருந்து சோற்றை வாரி வெளியே எடுக்கவும் நேரிடும்.

"எங்கள் பாட்டி கழுநீர்ப் பானையில் பழைய சோற்றையும் கஞ்சியையும் போட்டு மாட்டுக்கு வைத்தாளே, ஒன்றும் ஆகவில்லையே?" என்று யாரேனும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாட்டி வைத்தது கழுநீர். அதில் கிடந்த சோறு இரண்டு கைப்பிடி. அந்த மாடும் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, வயிறு நிறையப் புல்லோடு வந்து அதைக் குடித்தது. நாள்தோறும் கொஞ்சமாகக் கொடுத்தால் வயிற்றிலுள்ள கூட்டமும் அதற்குத் தக்கபடி பழகிக்கொள்ளுகிறது. புதுத் தீனி எதுவானாலும் 10 முதல் 14 நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். பந்தலில் நடப்பதோ வேறு. பழக்கமே இல்லாத மாட்டுக்கு ஒரே மூச்சில் ஒரு வாளிச் சோறு.

மாட்டின் வயிற்றிலுள்ள கூட்டத்துக்கு எவ்வளவு திறமை உண்டு என்பதைப் பின்லாந்து நாட்டு அறிஞர் விர்த்தானென் காட்டினார். பசுந்தீவனத்தைக் கெடாமல் பதப்படுத்தும் முறைக்காகவும் வேளாண் வேதியியல் ஆராய்ச்சிகளுக்காகவும் 1945-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பசுவின் தீனிக்காக நோபல் பரிசா என்று வியக்காதீர்கள், கொடுத்தார்கள்! அவர் பிற்காலத்தில் ஒரு துணிச்சலான சோதனை செய்தார். கறவைப் பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீனி கொடுத்தார். தூய்மையாக்கிய மாவு, சர்க்கரை, செல்லுலோஸ். இவற்றோடு நைட்ரஜனுக்காக யூரியாவும் அம்மோனியம் உப்பும் மட்டும். அந்தப் பசுக்கள் பட்டினியால் மெலிந்துவிடவில்லை. ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கு மேல் பால் கறந்த பசுவும் அவற்றில் உண்டு. 1966-இல் இதை அவர் வெளியிட்டார். உப்பிலிருந்து நுண்ணுயிர்கள் புரதத்தைக் கட்டின. பசு அந்த நுண்ணுயிர்களைச் செரித்துப் பாலாக்கியது. உடனே யூரியா மூட்டையைத் தேடி ஓடிவிட வேண்டாம். கைக்கு வந்தபடி யூரியாவைத் தின்னக் கொடுத்தால் வயிற்றில் அம்மோனியா பொங்கி, மாடு ஒரு மணி நேரத்திலும் இறந்துபோகும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா வீதம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடிவைக்கும் முறை ஒன்று உண்டு. அதையும் தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

எல்லாக் கால்நடைக்கும் இப்படி முன்வயிறு உண்டா? இல்லை. இதைக் கண்ணால் காணப் பழனி மலைக்கு மேலே செல்லுவோம். கொடைக்கானலைத் தாண்டி, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் மன்னவனூர் என்ற ஊர் இருக்கிறது. இராஜஸ்தானத்திலுள்ள அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல மையம் 1965-இல் அங்கே அமைக்கப்பட்டது. பச்சைப் புல்வெளியில் பாரத் மெரினோ என்னும் கம்பளி ஆடுகள் மேய்வதைப் பார்க்கலாம். அதே பண்ணையில் முயல்களும் வளர்க்கிறார்கள்.

ஆடு, பசுவைப் போலவே முன்னால் புளிக்கவைத்துப் பின்னால் செரிக்கிறது. முயலுக்கோ புளிக்கும் தொட்டி கடைக்கோடியில், பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் செய்துவைக்கும் புரதத்தையும் பி வைட்டமின்களையும் உறிஞ்சச் சிறுகுடல் அதற்குப் பின்னால் இல்லை, கடந்து வந்தாகிவிட்டது! முயல் என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் மென்மையான ஒருவகைப் புழுக்கையை வெளியிட்டு, அதைத் தரையில் விழவிடாமல் வாயாலேயே வாங்கி விழுங்கிவிடுகிறது. அருவருப்பாக இருக்கிறதா? முயலுக்கு அது அசைபோடுவதற்குச் சமம். அதைத் தடுத்தால் முயலுக்குச் சத்துக் குறைவு ஏற்படும். கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளும் பின்புறத் தொட்டிக்காரர்கள்தாம். சுற்றுலா வந்தவர்கள் ஆளுக்கொரு ரொட்டித் துண்டு நீட்டினால் அந்தக் குதிரைக்குக் கடும் வயிற்றுவலி வரக்கூடும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது.

ஆக, தீனி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. பருத்திக்கொட்டையில் காசிபால் என்னும் நச்சு உண்டு. வளர்ந்த மாட்டின் முதல் வயிறு அதைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. ஆகவே கொங்கு நாட்டில் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து மாட்டுக்கு வைக்கிறார்கள். அதே கொட்டையைக் கோழிக்கும், முதல் வயிறு இன்னும் வளராத இளங்கன்றுக்கும் கொடுத்தால் தீங்கு.

மலைக்கு வந்த நாம் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கொடைக்கானல் மலைத் தோட்டங்களிலும், அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் முட்டைக்கோஸின் வெளி இலைகள் குவிந்து கிடக்கும். மாடு வைத்திருப்பவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். மாடு வயிறு முட்டத் தின்னும், உரிமையாளரும் மகிழ்வார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிற்காது.

400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 100க்கு 3 பங்கு, அதாவது 12 கிலோ உலர்பொருள் வேண்டும். தீனியிலுள்ள தண்ணீரையெல்லாம் ஆவியாக்கிவிட்டால் மிஞ்சுவதே உலர்பொருள். கோஸ் இலையில் 100க்கு ஏறக்குறைய 90 பங்கு தண்ணீர். கோஸ் இலையால் மட்டுமே 12 கிலோ உலர்பொருள் கொடுக்க வேண்டுமானால் எத்தனை கிலோ போட வேண்டும்? 120 கிலோ! எந்த மாட்டாலும் அதைத் தின்ன முடியாது. வயிறு நிரம்பியது உண்மை, நிரம்பியது தண்ணீரால். கோஸ் இனத்துச் செடிகளில் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கும் பொருள்களும் உண்டு. கொஞ்சம் கொடுக்கலாம், அதையே முழுத் தீனியாக்கக் கூடாது.

சரி, 12 கிலோவை எப்படித்தான் நிரப்புவது? நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு என்று வைத்துக்கொள்ளுவோம். கம்பு நேப்பியர் புல்லில் உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்கு. 25 கிலோ போட்டால் 5 கிலோ வந்துவிடும். வேலிமசாலோ அகத்தியோ 5 கிலோ போட்டால் 1 கிலோ. வைக்கோல் 3 கிலோவுக்கு 2.7 கிலோ. கடலைப் புண்ணாக்கும் தவிடும் மக்காச்சோளமும் கலந்த அடர்தீவனம் 4 கிலோவுக்கு 3.6 கிலோ. கூட்டினால் 12.3 கிலோ. இதில் புல்லும் வைக்கோலுமாக 100க்கு 70 பங்கு இருக்கிறது. அசைபோட அது போதும். புரதத்தைக் கூட்டிப் பாருங்கள்: நேப்பியரில் 450 கிராம், வேலிமசாலில் 200, வைக்கோலில் 100-க்கும் குறைவு, அடர்தீவனத்தில் 750. மொத்தம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பசுவின் தேவையும் அவ்வளவே. பத்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. ரயிலும் தொட்டியும் குழாயும் வருகிற நம் கணக்குப் புத்தகங்களில் ஒரு பசுவும் வந்தால் என்ன?

விலை கொடுத்து வாங்கும் மூட்டைத் தீவனத்தையே நம்பியிருப்பவர்களைக் கண்டாலும் எனக்கு வருத்தம்தான். பழனிக்கு வடக்கே தாராபுரம், காங்கயம் பக்கம் போனால் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நிலங்கள் இவை. சுற்றிலும் கிளுவை முள்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். நிலத்தைப் பல பகுதிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றில் புல்லைத் தழையவிடுவார்கள். கோடையில் புல் காய்ந்து சத்துக் குறையும்போது வெள்வேலங்காய்கள் உதிர்ந்து, புல்லில் இல்லாத புரதத்தை ஈடு செய்கின்றன. மழைக்காலத்தில் புல், கோடையில் காய். காங்கயம் காளைகளின் புகழுக்கு இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. இதை வகுத்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் தீவன வேதியியல் படித்தவர்கள் அல்லர். பூக்காத இளஞ்சோளத்தில் மாட்டை விடாதே என்று சொல்லிவைத்தவர்களும் அவர்களே. இளஞ்சோளத்திலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது என்பதைப் பிற்பாடுதான் வேதியியலார் விளக்கினார்கள்.

அதற்காகப் பழமை எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பழமைதானே சோற்று வாளியையும் கொடுத்தது!

கணக்குப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. இதற்கு அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1907-இல் தொடங்கிய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். அந்நாளில் தீவனத்திலுள்ள புரதம், கொழுப்பு, மாவுப் பொருள், சாம்பல் ஆகியவற்றை அளந்துவிட்டால் போதும் என்று வேதியியலார் நம்பியிருந்தார்கள். அங்கிருந்த பாப்காக் என்ற முதியவருக்கு அதில் நம்பிக்கையில்லை. பழைய தோலும் நிலக்கரியும்கூட உங்கள் அட்டவணைப்படி நல்ல தீவனம்தானே என்று கேலி செய்வாராம். அவருடைய தூண்டுதலால் 16 கிடாரிகளை நான்கு நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மக்காச்சோளச் செடியின் பாகங்கள் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை, ஒன்றுக்கு ஓட்ஸ், நான்காவதற்கு மூன்றும் கலந்தது. அட்டவணைப்படி நான்கும் சமமே. நான்கு ஆண்டுகள் சோதனை நடந்தது. மக்காச்சோளம் தின்றவை பளபளவென்று வளர்ந்து நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவை நலிந்தன, சில குருடாயின, அவற்றின் கன்றுகள் குறைமாதத்தில் பிறந்து, பிறக்கும்போதே அல்லது சில மணி நேரத்தில் இறந்தன. அட்டவணையில் இல்லாத ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்க வேண்டும்! அந்தச் சோதனையில் பங்கு கொண்ட மெக்காலம், பசுவை விட்டு எலிகளைக் கொண்டு தேடத் தொடங்கினார். 1913-இல் மார்கரீட் டேவிஸ் என்ற பெண்மணியுடன் சேர்ந்து அவர் அறிவித்த பொருளே இன்று வைட்டமின் ஏ எனப்படுகிறது. மனிதக் குழந்தைகளின் கண்ணைக் காக்கும் அறிவு ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்தும் வந்தது.

நம் ஊர் மாட்டுக்கு அந்தச் சத்து பச்சை இலையிலுள்ள கரோட்டினிலிருந்து கிடைக்கிறது. வெளுத்த வைக்கோலில் அது இல்லை. நெல் வைக்கோலில் ஆக்சலேட்டு வேறு உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. 10 லிட்டர் பாலோடு நாள்தோறும் 12 கிராம் சுண்ணாம்புச் சத்து பசுவின் உடலை விட்டுப் போகிறது. தாது உப்புக் கலவை நாளுக்கு ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லுவதன் காரணம் புரிகிறதா?

மறுபடியும் அன்னதானப் பந்தலுக்கு வருவோம். பசுவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களைக் கொடுக்காதே என்று தடுத்தால் கேட்கமாட்டார்கள், தடுக்கவும் வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. அமாவாசையன்று கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டுகளை வைத்துக்கொண்டு பாட்டிமார்கள் உட்கார்ந்திருப்பார்களே, பார்த்ததில்லையா? அகத்தியின் உலர்பொருளில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். கரோட்டின் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஒரு கட்டு அகத்தியால் எந்தப் பசுவுக்கும் வயிறு புளிக்காது. தைப்பூசத்தின்போது பழனிச் சாலைகளில் சோற்றுப் பந்தலுக்குப் பக்கத்தில் ஓர் அகத்திக் கடையும் புல்லுக்கட்டுக் கடையும் இருக்கட்டும். அடிவாரத்து உழவர்களுக்கு நாலு காசு கிடைக்கும். மீந்த சோற்றைக் குழியில் போட்டு மண்ணால் மூடினால் எருவாகும். "அன்னத்தைப் புதைப்பதா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆக்கும்போதே அளவாக ஆக்குவது இன்னும் நல்லது. ஆனால் பசுவின் வயிறு நம்முடைய மிச்சத்தைக் கொட்டும் குப்பைத்தொட்டி அன்று என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேலை சொல்லுகிறேன். மேலே போட்ட கணக்குக்கு முதலில் பசுவின் எடை தெரிய வேண்டும். தராசு வேண்டாம், தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்கத்து எலும்பு முனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் அங்குலத்தில் இருக்கட்டும். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் வரும். நெஞ்சளவு 66 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் 383 கிலோ. காலையில் தீனி வைப்பதற்கு முன் அளப்பது நல்லது. தின்ற வயிறு கணக்கைக் குழப்பும். உரிமையாளரைப் பசுவின் தலைப்பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள். புது ஆள் நாடாவோடு கிட்ட வந்தால் சில மாடுகள் உதைக்கும்.